பாதை

குருமண்வெளித் துறையில்
பாதை என்றால் நிலத்தில் கிடப்பதல்ல;
இரும்புத் தட்டும் இயந்திரமுமாய்
தண்ணீரில் மிதப்பது.
ஏழேகாலுக்கு ஒன்று. அதை விட்டால்
முதலாம் பாடம் போய்விடும்.
ஏழு வருடமாய் அதில்தான் மண்டூருக்குப் போகிறேன்,
தோளில் பை, பைக்குள் படிவங்கள்.

வழிகாட்டல் ஆலோசனை அலகு என்று
அதிபர் எழுதுவித்த பலகைக்குப் பின்னால் என் அறை.
கரப்பந்து வலை, டெங்கு ஒழிப்பு மண்வெட்டிகள்,
ஆபிரிக்கா கிழிந்த பூமியுருண்டை,
இரண்டு கதிரை.
கதவு முழுதாய்ச் சாத்தாது.
இரகசியம் உள்ள பிள்ளைகள்
பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு உரத்துக் கேட்கும்
நேரம் பார்த்து வருவார்கள்.

படிவத்தில் பன்னிரண்டு கேள்வி.
கடைசி: உமது எதிர்கால இலட்சியம்.
அதற்கு விட்ட இடம் ஒன்றரை வரி.

முதலாம் பாடத்திலேயே தூங்குகிறான் என்று
சதுஷிகனைக் கொண்டுவந்து விட்டார் விஞ்ஞான சேர்.
கூடவே ஒரு தடியும் தந்தார்.
மண்வெட்டிகளோடு அதைச் சாத்தி வைத்தேன்.
அரைமணி நேரம் உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.
மறுகா சொன்னான்:
"வேளாம வெட்டும் மட்டும் பரணிலதான் மிஸ் படுக்கிற.
படுக்கிற எண்டா, படுக்கிற இல்ல.
யானை வெடி கொளுத்துற வேல எனக்கு."
ஒன்றரை வரியில் எழுதினான்:
யானை வராத இடத்தில் ஒரு வேலை.

நான் பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை.
கணிதத்தை நாலாம் பாடத்துக்கு மாற்றச் சொல்லி
மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.
முதலாம் பாடத்துக்கு அவன் என் அறையில்
கரப்பந்து வலையைத் தலைக்கு வைத்துத் தூங்கினான்.
இடாப்பில் 'ஆலோசனை' என்று பதிந்தேன்.
சாதாரண தரத்தில் கணிதத்துக்கு சி.
இப்போது தொழில்நுட்பக் கல்லூரியில்
குளிரூட்டி திருத்தப் படிக்கிறான்.
வலயக் கூட்டங்களில் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சொல்லாத கதை டிலோஜினியுடையது.
ஒன்பது ஏ. துறையடியில் அவள் படத்தோடு பதாகை.
சித்திரப் பாடத்தைப் பற்றி ஏதோ தொடங்கினாள்;
நான் இசட் புள்ளியைப் பற்றிச் சொன்னேன்.
மாவட்டக் கோட்டா என்றேன்,
உனக்கு இது காணும் புள்ள என்றேன்,
தாளில் கூட்டிக் கழித்துக் காட்டினேன்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
உயிரியல் எழுதினாள். மூன்று தரம்.
பதாகை வெயிலில் வெளிறி
யாரோ ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாய்க் கொண்டுபோனார்கள்.

நேற்றுப் பின்னேரப் பாதையில் அவள்.
மோட்டார் சைக்கிள்களுக்கும் உரமூட்டைக்கும் நடுவே,
களுவாஞ்சிக்குடி மருந்துக்கடைச் சட்டையோடு.
முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினேன்.
திருப்பியது நான்தான், அவளல்ல.
"மிஸ், சுகமா இரிக்கிங்களா?"

வழிகாட்டலில் டிப்ளோமா வைத்திருக்கிறேன்.
பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று
அதில் ஓர் அலகும் இல்லை.
"அண்டைக்கு நான் உன்னைக் கேட்டிருக்க வேணும், டிலோ."
இயந்திரச் சத்தத்தில்
அவளுக்குக் கேட்டதோ தெரியாது.
ஆற்றுவாழை ஒரு தீவாய் ஒதுங்கிப் போனது.

"அந்த ஃபோம் இன்னும் வெச்சிரிக்கிங்களா?
ஒண்டு தாங்களன்."
கொடுத்தேன். பேனையும்.
கைபிடிக் கம்பியில் தாளை வைத்து
பதினொரு கேள்வியையும் தாண்டிப் போனாள்.
ஒன்றரை வரியில் தொடங்கி, ஓரத்தில் ஏறி,
தாளைத் திருப்பிப்
பின்பக்கமும் எழுதிக்கொண்டிருந்தாள்.
எட்டிப் பார்க்கவில்லை நான்.

கரை தட்டியது. சங்கிலி விழுந்தது.
சைக்கிள்கள் உறுமி இறங்கின.
"முடியல்ல மிஸ்" என்றாள், தலை நிமிராமல்.
"கடைக்குப் பிந்தாதா?"
"பிந்தினாப் பிந்தட்டும்."

இறங்கல்லியா என்பதுபோல் பாதைக்காரர் பார்த்தார்.
கையால் போகச் சொன்னேன்.
வந்த பக்கமே அது திரும்பியது,
எங்கள் இருவரோடும்,
ஏறிய புதுச் சனத்தோடும்.